நடுப்பக்கத்துப் பெஞ்சு

எங்கள் வீட்டில் துடைப்பம் கூடத்தில் தொங்கியது. நுழைந்ததும் கண்ணில் படுகிற நடுச்சுவரில், இயேசுநாதர் படத்துக்கு அடுத்த ஆணியில். கல்யாணமாகி உள்ளே வந்தவள் முதலில் கர்த்தரைப் பார்த்தேன், அடுத்ததாகத் துடைப்பத்தைப் பார்த்தேன். இப்படியும் ஒரு அவலட்சணம் உண்டா என்று வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக் கதவு மூலையில் சாத்தி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் திரும்பவும் ஆணியில்.

"யாரு இத இங்க மாட்டுனது?" என்றேன்.

"நான்தான்," என்றாள் என் நாத்தனார். "ஊடு பூரா பெருக்கறது அது. மூலைல நிக்கறதும் அதுவேவா?"

"அதுக்குன்னு சாமி பக்கத்துலயா?"

"சாமி ஒண்ணும் சொல்லலியே. உனுக்கு இன்னாமே நோவுது?"

இதுதான் எங்கள் அண்ணி. என் புருஷனுக்கு மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பட்டணத்துப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவள். பெயரைச் சொல்ல மாட்டேன். ரகசியம் ஒன்றும் இல்லை. அவளே போட்டுக்கொள்ளாத பெயரை நான் எதற்குப் போடுவது? படம் வரைகிறவர்கள் கையெழுத்தை அடியில், மூலையில் போடுவதுதான் வழக்கமாம். "மூலைலதான் போடணும்னா எனக்குப் பேரே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் வரைந்ததெல்லாம் பெயரில்லாமல்தான் அச்சாயிற்று.

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அண்ணிக்கு ஓரம் ஆகாது. பந்தி என்றால் நடு இலை. ரயில் என்றால் பலகையில் நடு இடம். படுக்கப் பாயை விரித்தாலும் கூடத்தின் நட்டநடுவில்தான் விரிப்பாள். நானும் என் புருஷனும் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பானையும் நடு வீட்டில். அதில் இடறி நான் விழுந்தால், "கண்ணு பொடனிலயா கீது?" என்று என்னைத்தான் கேட்பாள்.

எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. போட்டோக்காரர் பாவம், நல்லவிதமாகத்தான், "நீங்க அப்படி ஓரமா நில்லுங்கம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து வந்து எனக்கும் என் புருஷனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாலை போட்ட மாப்பிள்ளை அந்தக் கோடியில், மாலை போட்ட நான் இந்தக் கோடியில். போட்டோவில் என் முகம் அழுமூஞ்சியாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அவள் வீம்புக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் ஊர். ஊர் என்று வாய் சொல்கிறதே தவிர அது எங்களுடையது இல்லை. கோயில், குளம், கடை, நாலு வீதி எல்லாம் அந்தப் பக்கம். ஏரிக்கரையைத் தாண்டி, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிற பள்ளத்தில் எங்கள் தெரு. அண்ணியின் தாத்தா காலத்தில் தெருவில் பாதிப்பேர் வேதத்தில் சேர்ந்தார்கள். சாமி மாறியது, பள்ளம் மாறவில்லை. ஊருக்குள் போனால் ஓரமாக நடக்க வேண்டும். எதிரே பெரிய மனிதர் வந்தால் ஒதுங்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் எழுந்துவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பால்குடி மறக்கும்போதே தெரிந்துவிடும். இதெல்லாம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகப் பட்டணத்தில் பேசிக்கொண்டார்கள். வந்திருக்கலாம். எங்கள் ஏரிக்கரையைத் தாண்டி வரவில்லை.

அண்ணி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படம் வரையவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். முதலில் நாலு பக்கமும் கோடு கட்டிக்கொள், பிறகு அதற்குள்ளே வரை என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இவள் கட்ட மாட்டாளாம். அடி வாங்கினாளாம், அப்போதும் கட்ட மாட்டாளாம். தாளின் நடுவில் ஒரு புள்ளியில் ஆரம்பித்து வெளியே வெளியே வரைந்துகொண்டு போவாள். தாள் எங்கே தீர்கிறதோ அங்கே கை நிற்கும். "தாளுதான் தீந்துபோச்சு, ஊரு தீரல" என்பாள்.

இந்தக் குணம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு சிரிப்பாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. பூந்தமல்லிச் சாலையில் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் நடந்து போகிறோம். பின்னால் ஜட்கா வண்டி. "ஓரம் போ! ஓரம் போ!" என்று வண்டிக்காரன் கத்துகிறான். நான் தாவி ஒதுங்கிவிட்டேன். இவள் நடந்துகொண்டே இருக்கிறாள். குதிரையின் மூச்சு இவள் முதுகில் படுகிறது.

"இன்னாமே, செவுடா நீ? ஓரம் போமே!"

"ரோடு இம்மாம் அகலம் கீது. நீ போயேன் ஓரம்!"

சாட்டையின் நுனி அவள் தோளில் பட்டது. வேண்டுமென்றே வீசினானா, குதிரைக்கு வீசியது தப்பி விழுந்ததா, தெரியாது. ரவிக்கை கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் வண்டிதான் ஓரம் போயிற்று. வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே நான் திட்டினேன். "குதிர ஏறி மிதிச்சிருந்தா உன் வீம்பு வந்து உன்னத் தூக்கி நிறுத்துமா? நானில்ல உன்னச் சுமந்துகினு வரணும்!" என்றேன். அவள், "எரியுதுமே, ஊது" என்றாள். ஊதினேன்.

நடுப்பக்கத்துப் பெரிய படத்துக்கு வருவதற்கு முன்னால் அறுவடைப் படத்தைச் சொல்லிவிட வேண்டும். பொங்கல் இதழுக்கென்று பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் கேட்டிருந்தார்கள். களத்துமேடு, நெற்குவியல், ஜோடி மாடு, மரத்தடியில் மிராசுதார் எல்லாம் வரைந்து, இடது பக்கக் கடைசியில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேரை முறத்தோடு நிறுத்தியிருந்தாள். அதில் ஒருத்தியின் முதுகு என் முதுகு. தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். புத்தகம் வந்தது. மிராசுதார் இருந்தார், மாடு இருந்தது, நாங்கள் இல்லை. இடம் போதவில்லையாம். ஓரத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டார்களாம்.

"மாட்ட வெட்டறதுதானே!" என்று நான் குதித்தேன். "அதா நெல்லு தூத்துச்சு?"

அண்ணி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னுதுதான்," என்றாள். "களத்துல நாம எங்க நிக்கறோமோ அங்கேயே வரைஞ்சு வெச்சிட்டேன். ஓரத்துல வெச்சா வெட்டத்தான் செய்வான். கத்தி அங்கதான் எட்டும்."

அதற்கு அடுத்த வருஷம் யுத்தம் முடிந்துவிட்டது. ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகளின் இரைச்சல் குறைந்திருந்தது. சுயராஜ்யம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ரயிலில் ஏறினால் இதே பேச்சு. அதே பத்திரிகையின் ஆண்டு மலருக்கு, நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வேண்டும் என்று ஆசிரியர் அண்ணிக்குச் சொல்லி அனுப்பினார். 'நாளைய பட்டணம்' என்று தலைப்பு. துணைக்கு என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டு போனேன். துணை எல்லாம் சும்மா, பட்டணம் பார்க்கிற ஆசை.

ஆசிரியர் நல்ல மனிதர். எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அண்ணி உட்கார்ந்தாள். நான் நின்றேன், பழக்கம்.

"வானத்தைத் தொடற மாதிரி கட்டடங்கள் வேணும்மா," என்றார். "அகலமான வீதிகள், பூங்கா, நீரூற்று, மேலே ரெண்டு ஆகாய விமானம். நட்டநடுவில ஒரு பெரிய ஸ்தூபி. பார்த்தவுடனே ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்."

"இவ்ளோ வீதியும் யாரு சார் பெருக்குவாங்க?" என்றாள் அண்ணி.

அவர் சிரித்துவிட்டார். "நாளைய பட்டணத்தில குப்பையே இருக்காதேம்மா!"

"மரம் இருக்கும்ல? எல விழும்ல? பெருக்கறவங்க எங்க குடியிருப்பாங்க?"

"அதெல்லாம் எங்கேயாவது ஓரமாப் போட்டுக்கோங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அண்ணி, "சரிங்க சார்" என்று எழுந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பயமில்லை. சரி என்று சொன்னதுதான் பகீரென்றது.

இரண்டு பெரிய அட்டையை ஒட்டிக் கூடத்தின் நடுவில் தரையில் போட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு வீட்டில் நடக்க வழி இல்லை. என் புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்தால் அட்டையைச் சுற்றி, ஏரிக்கரையில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து போவார். அவள் நிப்பைக் கறுப்பு மையில் தொட்டுத் தொட்டு, குனிந்தபடியே வரைவாள். எழுந்திருக்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மேஜ இருந்தா தேவல" என்பாள். வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கட்டடம் வரைந்தாள், விமானம் வரைந்தாள், ஆசிரியர் சொன்ன எல்லாம் வரைந்தாள். நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தாள். எல்லாப் படத்தையும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறவள் இதை மட்டும் சுற்றி வரைந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு தெருவுக்குள் போய் ஒவ்வொருத்தராகக் கேட்க ஆரம்பித்தாள்: நாளைக்கு ஒரு பட்டணம் கட்டினால் உனக்கு அதில் என்ன வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கதவு வெச்ச கக்கூசு. உள்பக்கம் தாப்பா" என்றாள். அண்ணி அதை வரைந்தாள், தாழ்ப்பாள் தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டுக்காரர், "தூங்கணும்" என்றார். மாளிகைக்கு முன்னால் இருந்த புல்வெளியில் ஒருவர் குப்புறப்படுத்துத் தூங்குவது அவர்தான்.

கடைசியாக என்னைக் கேட்டாள். நான் முறத்தில் அரிசிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டா உடனே கெடச்சிடுமாக்கும்!" என்று வெடுக்கென்று சொன்னேன். அன்று காலையில் நடந்தது மனசில் இருந்தது.

திருநின்றவூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லில் எனக்குக் களத்து வேலை. அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். காலில் கொப்புளம். காலையில் எங்கள் ஸ்டேஷனில் வண்டிக்காக நிற்கும்போது நிற்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுவதற்குள் பெரியதனக்காரர் குடையோடு வந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. அவர் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை, பார்க்கவே இல்லை. நான்தான் எழுந்தேன். என்னைக் கேட்காமலேயே என் கால் எழுந்துவிட்டது! அவராவது உட்கார்ந்தாரா? இல்லை. குடையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உலாத்திக்கொண்டிருந்தார். வண்டி வரும் வரைக்கும் குடை உட்கார்ந்திருந்தது, நான் நின்றேன்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒக்காரணும்," என்றேன். "வேற ஒண்ணும் வேணாம். நடுவுல ஒக்காரணும். எவன் வந்தாலும் எந்திரிக்காம ஒக்காரணும்."

"கால்மேல கால் போட்டுகினா?"

"அடிப் பாவி!" என்றேன். பிறகு, "ஆமா, போட்டுகினுதான்" என்றேன்.

"அப்ப அந்த முக்காலில ஒக்காரு."

கால்மேல் கால் போட்டு உட்காருவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவில் பிறக்காதவர்கள். முழங்கால் நடுங்குகிறது. சேலையை இழுத்து இழுத்து விடத் தோன்றுகிறது. வாசலில் யாருடைய நிழலாவது தட்டினால் போதும், கால் தானாக இறங்கிவிடும். "ஏத்துமே" என்பாள். ஏற்றுவேன். என் புருஷன் உள்ளே வந்தார், இறக்கிவிட்டேன்.

"அவன் முன்னாடியும்தான். ஏத்து."

"என் முன்னாடி எதுக்குக்கா?" என்றார் அவர்.

"இன்னிக்கு உன் முன்னாடி எறக்குனா நாளைக்கு எவன் முன்னாடியும் எறக்குவா. நீ போய் மூஞ்சி கழுவு."

ஒரு வாரம் வீட்டு வேலைக்கு நடுவில் அப்படி உட்கார்ந்தேன். கடைசியில் கால் மரத்துப்போயிற்றே தவிர நடுக்கம் நின்றுவிட்டது.

படம் முடிந்த அன்று தெருவே வந்து பார்த்தது. நாலு திசையிலிருந்தும் வீதிகள் வருகின்றன. வக்கீல் வருகிறார், போலீஸ்காரர் வருகிறார், குடுமி வைத்தவர், தொப்பி போட்டவர், மில்லுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். எல்லா வீதியும் நடுவில் வந்து சேர்கிறது. எல்லார் முகமும் நடுவைப் பார்க்கிறது, தெரிந்தவர்களைப் பார்த்தால் பார்ப்போமே அப்படி. நடுவில் ஸ்தூபி இல்லை. ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், கால்மேல் கால். தாளின் விளிம்பில் எந்த வீதியும் முடியவில்லை, வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவ்வளவு அழகா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

ஆசிரியர் வெகு நேரம் பார்த்தார். "அற்புதம்மா" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நடுவில இந்தப் பொம்பளை வேண்டாம்மா. புத்தகம் அங்கேதான் மடியும். கம்பி குத்தற இடம். இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாப் போயிடும்."

"மடியட்டும் சார். விரிச்சா தெரியும்ல? மடிப்புல வெச்சா வெட்ட முடியாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி ஒத்துக்க மாட்டார். நான் சொல்றதைக் கேளுங்க. அந்த இடத்தில ஒரு ஸ்தூபி. இவ இருக்கட்டும், கீழே அந்த மரத்தடியில, காலை மட்டும் இறக்கிட்டு. அடுத்த மாசத்திலேர்ந்து ஆபீஸிலேயே உங்களுக்கு ஒரு மேஜை. நிரந்தர உத்தியோகம். நான் பேசி வெச்சிருக்கேன்."

மேஜை என்றதும் அண்ணியின் கை கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன். நான் பின்னாலிருந்து அவள் முதுகில் குத்தினேன். ஒத்துக்கோ, ஒத்துக்கோ என்று கண்ணால் கெஞ்சினேன்.

"மேஜ வேணும் சார்," என்றாள். "நெஜமாவே வேணும். ஆனா இவ கால எறக்க முடியாது. ஏத்தறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

ஆசிரியர் படத்தை அப்படியே எடுத்து, அச்சுக்குத் தகட்டில் பிளாக் செய்கிற இடத்துக்குக் கொண்டு போகச் சொல்லி ஆளிடம் கொடுத்தார். அதில் அவருக்கும் ஒரு துணிச்சல் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் சண்டை பிடித்தேன். "படத்துல நான் எறங்குனா இன்னா குடி முழுகிடும்? நெஜத்துல எறங்கித்தானே கெடக்கேன்?"

"அதுக்குத்தான் படத்துலயாவது ஏத்துனேன்," என்றாள். வில்லிவாக்கம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

மலர் வந்த அன்று என் புருஷன் அதை வாசலிலேயே பிரித்துவிட்டார். பிரித்தவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார். வாங்கிப் பார்த்தேன். கட்டடம் இருந்தது. விமானம் இருந்தது. புல்வெளியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியின் தாழ்ப்பாள்கூட இருந்தது. நடுவில், மடிப்புக்கு இரண்டு பக்கமும், தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வெள்ளை.

அச்சுக்கு ஏறுகிற நேரத்தில் முதலாளி பார்த்தாராம். கால்மேல் கால் போட்டிருப்பது யார், எந்தத் தெரு என்று கேட்டாராம். புது பிளாக் செய்ய நேரமும் இல்லை, துத்தநாகத் தகடும் கிடைக்காத காலம். அதனால் இருந்த தகட்டிலேயே அந்த இடத்தைச் சுரண்டி எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"என்னச் சுரண்டிட்டானுங்களே!" என்று நான் கத்தினேன். "அவன் கையி கட்டையில போவ! ஒக்காந்தது பொறுக்கலியா? நான் அவன் ஊட்டு நாற்காலிலயா ஒக்காந்தேன்? காயிதத்துலதானே ஒக்காந்தேன்!" தெருவே கூடிவிட்டது. அழுதேன், திட்டினேன், மறுபடியும் அழுதேன்.

அண்ணி அழவில்லை. பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா கீது" என்றாள்.

"இன்னா நல்லா கீது?"

"எல்லா ரோடும் எங்க வந்து சேருது பாரு. எல்லாரும் எங்க பாக்கறாங்க பாரு."

"ஒண்ணுமே இல்லாத எடத்த!"

"அதான். இங்க இன்னா இருந்துச்சுன்னு படிக்கிறவன் கேப்பானா, மாட்டானா?"

கேட்டார்கள். கடிதம் மேல் கடிதமாக வந்ததாம்: அத்தனை ஜனமும் எதை அப்படி ஆசையாகப் பார்க்கிறது, எங்கள் பிரதியில் மட்டும் நடுவில் ஒன்றும் விழவில்லையே என்று. அடுத்த இதழில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்புப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் என் புருஷன் அதை வாசித்தார்: "ஆண்டு மலரின் நடுப்பக்கத்தில் காணப்படும் வெண்மை ஓர் அச்சுப்பிழை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்."

அந்தப் பத்திரிகையிலிருந்து அண்ணிக்கு அதற்குப் பிறகு வேலை வரவில்லை. மேஜையும் வரவில்லை. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும்தான் அவள் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்துபோய்ச் சுவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். மூலையில்! அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை அங்கே நான் பார்த்ததில்லை. "சுரண்டுனது கூடப் பரவால்ல," என்றாள். "பிழன்னுட்டானே."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "கெளம்பு அண்ணி," என்றேன்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. எந்திரின்றேன்ல!"

ஆராதனைக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடேயே போனோம். வழியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டேன். பிளாட்பாரத்தில் பட்டணம் போகிற வண்டிக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கோடியில், ஊர்க்காரர்கள் இந்தக் கோடியில், நடுவில் காலிப் பெஞ்சு. போய் உட்கார்ந்தேன். நட்டநடுவில். கால்மேல் கால் போட்டேன். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன்.

பெரியதனக்காரர் குடையோடு படி ஏறி வந்தார். எங்கள் தெருக்காரி ஒருத்தி அந்தக் கோடியிலிருந்து, "எந்திரிமே! பெரியதனம் வராரு!" என்று கையை ஆட்டினாள். பொய் சொல்ல மாட்டேன், கால் இறங்கப் பார்த்தது. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல் குடையை வைக்கக் குனிந்தவர், நான் இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"யாரு இது?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார்.

அண்ணி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அச்சுப்பிழைங்க," என்றேன். "பொறுத்தருளணும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர்க்காரர்களைப் பார்த்தார், ஸ்டேஷன் மாஸ்டர் அறையைப் பார்த்தார். எனக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது, வேண்டுமானால் அவரும் உட்கார்ந்திருக்கலாம். குடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி வந்து எனக்குப் பக்கத்தில், பெஞ்சின் கடைசியில், பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். நான் ஒரு கை கடலையை அவளிடம் நீட்டினேன். இரண்டு பேரும் தின்றோம்.

வண்டி வந்தது. பெரியதனக்காரர் ஏறினார். அந்தக் கோடி, இந்தக் கோடி எல்லாரும் ஏறினார்கள். கார்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஏறவில்லையா என்று. இல்லை என்று தலையை ஆட்டினேன். எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. உட்காரத்தான் வந்திருந்தோம்.